அறுபத்து மூன்றாம் இடம்

என் ஸ்கேனரில் இருநூறு இடங்கள்.
நூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்குப் பெயர் வைத்தாயிற்று:
ஷெரிஃப், தீயணைப்பு, பனி வாரும் லாரிகள்,
இரும்புத் தாது ஏற்றும் துறை,
பெர்க்லண்ட் ஹோட்டலின் சலவைப் பெண்கள்
(மேலாளரைத் திட்டாத நாளில்லை),
சூப்பீரியர் ஏரியில் பனிமூட்டத்துக்குள்
ஒன்றையொன்று விசாரித்துப் போகும் கப்பல்கள்.
அறுபத்து மூன்றில் மட்டும்
ஒரு கேள்விக்குறி.

நவம்பர் கடைசியில்தான் முதலில் கேட்டேன்.
பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.
இரைச்சலைக் கிழித்து ஓர் ஆண்குரல்:
“பதினொன்றும் உள்ளே.”
இன்னொன்று, சளி பிடித்தது:
“சரி, கதவைச் சாத்து.”
நாலு விநாடி.
ஈரக்கையோடு குறித்ததில்
அந்தப் பக்கத்தில் தேதி மட்டும் இன்னும் ஊறிக் கிடக்கிறது.

பேச்சுக்கு அடியில், காதுக்கு எட்டாமல்
ஒரு தொனி ஓடும், கைரேகை மாதிரி.
நூற்றுப் பதினெட்டு புள்ளி எட்டு என்றது கருவி.
எங்கள் மாவட்டத்தில் வேறு யாருக்கும் அந்த ரேகை இல்லை.
உரிமப் பதிவேட்டில் ரேடியோ வாடகைக்கு விடும்
ஒரு டெட்ராய்ட் கம்பெனியின் பெயர்.
போன் போட்டேன்.
வாடிக்கையாளர் விவரம் சொல்வதற்கில்லை என்றாள் ஒருத்தி,
அவ்வளவு மரியாதையாக, நானே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பள்ளிப் பேருந்துப் பணிமனை என்றேன்.
“ஞாயிற்றுக்கிழமையுமா?” என்றாள் வெர்னா.
மீன் கிடங்கு என்றாள் அவள்.
மீனை யாராவது ஒவ்வொன்றாக எண்ணுவார்களா?
ஓடெல்தான் சொன்னான், படகு என்று.
குளிர்காலத்துக்கு ஏற்றி அடுக்கிவைக்கிற கொட்டகை.
எல்லாம் பொருந்தி வந்தது.
“பதினாறு மேல்தட்டில்.”
“மே மாதம்தான் வெளியே.”
“வீட்டார் அவசரப்படவில்லை.”
படகு என்று பென்சிலால் எழுதினேன்.

ஜனவரி ஒன்பது, காலை ஏழு நாற்பது:
“பதினேழு சின்னது. ஒருத்தனே தூக்கிவிடலாம்.”
அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.
பொத்தானிலிருந்து விரலை எடுக்கவுமில்லை.
ஆறு விநாடி, காற்று மட்டும்.
துடுப்புப் படகு, என்று எழுதினேன்.
எழுத்தைப் பாருங்கள், எவ்வளவு திருத்தம்.

பிப்ரவரியில் தேடிக் கிளம்பினேன்.
கைக்கருவியின் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு
காகிதம் கோக்கும் கம்பி ஒன்றைச் செருகினேன்;
அதிலும் கேட்டால் பக்கத்தில் இருக்கிறோம் என்று கணக்கு.
படகுத் துறையில் ஒரு முனகல்கூட இல்லை.
ரயில் கேட்டைத் தாண்டி மேடேறினேன்.
லூத்தரன் கல்லறைத் தோட்டத்து வாசலில்
சளிக்குரல்காரர் என் மடியிலேயே உட்கார்ந்து பேசினார்:
“டிராக்டரை இந்தப் பக்கம் கொண்டு வா.”

குன்றைக் குடைந்து கட்டிய கருங்கல் அறை.
இரும்புக் கதவு. அதன் முன்னால் மட்டும்
சுத்தமாக வாரிய பனி.
ரேமண்ட் லாம்பி என்று பெயர் சொன்னார்,
தோளில் ரேடியோ, கையில் கைக்குட்டை.
“நாலடிக்கு மண் கல்லாகிக் கிடக்கிறது.
இளகும் வரைக்கும் எல்லாரும் இங்கேதான்.”
என் கையிலிருந்த கருவியை வெகுநேரம் பார்த்தார்.
“நாங்கள் பேசுவது கேட்குமா?”
கேட்கும்.
“தப்பாக ஏதும் பேசிவிட்டோமா?”
இல்லை என்றேன்.
பதினேழைப் பற்றி நான் கேட்கவில்லை.
அவரும் அந்தக் கதவுப் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து பெயர் பதிய உட்கார்ந்தேன்.
திரையில் பதினாறு எழுத்துக்குத்தான் இடம்.
எதுவும் நீளவில்லை, எதுவும் போதவுமில்லை.
கேள்விக்குறியையே விட்டுவைத்தேன்.
வெர்னா கேட்டபோது படகுதான் என்றேன்.

மே ஆறு. கூரையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது.
“பதினேழை முதலில் எடுப்போம்”
என்றது சளி விட்டிருந்த குரல்.
குழாயை மூடினேன்.
அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தேன்.
ஸ்கேனர் காத்திருக்கவில்லை,
இரண்டு விநாடி மௌனம் என்றால் தாவிவிடும்.
அறுபத்து நாலில் சலவைப் பெண்கள்
இருபது தலையணை உறை குறைகிறது என்று
கத்திக்கொண்டிருந்தார்கள்.